நட்ஸ்: லூசில் அள்ளுவதா, பாக்கெட்டில் வாங்குவதா?

ஏழெட்டு வருடம் லூசில் வாங்கிய ஆள் நான். தொட்டியின் மூடியைத் தூக்கி, கரண்டியால் அள்ளி, வேண்டிய அளவு மட்டும் எடை போட்டு வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. இப்போது பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். ருசியோ விலையோ காரணமில்லை, ஒரு ரீகால் அறிவிப்புதான், அதாவது விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லும் அறிவிப்பு.

சால்மொனெல்லா என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமியின் பெயரைப் போட்டு ஐந்தாறு லாட் எண்களை, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்குக்கு ஆலை தரும் எண்களைக் கொடுத்திருந்தார்கள். என் டப்பாவில் முந்திரி இருந்தது, எண் இல்லை. கடையில் விசாரித்தேன். "இப்ப தொட்டியில இருக்கிறது வேற மூட்டை. நீங்க எப்ப வாங்கினீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி, எனக்குத்தான் பதில் தெரியவில்லை. முக்கால் கிலோ முந்திரியைக் கட்டிக் குப்பையில் போட்டேன். அது கெட்ட சரக்கா, நல்ல சரக்கா என்பது இன்றுவரை தெரியாது. பணம் போனதைவிட அந்தத் தெரியாமைதான் உறுத்தியது.

லூசின் பக்கம் இருக்கும் நியாயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்து வாங்கலாம். முகர்ந்தால் காறல் வாடை தெரிந்துவிடும். கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் தின்று தீர்க்கலாம், பிளாஸ்டிக்கும் மிச்சம். எல்லாம் உண்மை. ஆனால் காறல் வாடை எண்ணெய் கெட்டதைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. சால்மொனெல்லாவோ, ஈ.கோலை என்ற இன்னொரு கிருமியோ ஏறிய பருப்பு பளபளப்பாகவும் மொறுமொறுப்பாகவும்தான் இருக்கும். இத்தனை வருடம் முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த என் திறமை, இந்த விஷயத்தில் செல்லாக்காசு.

பாக்கெட் சுத்தம், லூஸ் அசுத்தம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ரீகால்களின் வரலாற்றைப் பார்த்தால், கடைக்கு வருவதற்கு வெகு முன்பே, தோட்டத்திலோ ஆலையிலோ கிருமி ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 2008-09இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் நிலக்கடலைப் பொருட்களால் 714 பேருக்கு நோய் உறுதியானது, 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முறையாக அடைத்து விற்கப்பட்ட சரக்கு. கிருமி இருப்பது தெரிந்தே அனுப்பியதற்காக அதன் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. உறை ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பது சுத்தம் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் பாக்கெட்டில் என்னதான் இருக்கிறது? ஒரு எண் இருக்கிறது. என் முடிவு முழுக்க அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

2022 மே 20 அன்று வந்த ஜிஃப் என்ற அமெரிக்க பிராண்டின் பீனட் பட்டர் ரீகாலை எடுத்துக்கொள்ளுங்கள். லாட் எண் 1274425 முதல் 2140425 வரை என்று அறிவித்தார்கள். முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி 425 கென்டக்கியின் லெக்சிங்டன் ஆலை. 1274 என்றால் 2021இன் 274ஆம் நாள், அக்டோபர் 1. 2140 என்றால் 2022இன் 140ஆம் நாள், அதாவது அறிவிப்பு வந்த அதே நாள். கிட்டத்தட்ட எட்டு மாத உற்பத்தி! ஆனாலும் வீட்டில் இருந்தவர் பாட்டிலைத் திருப்பி ஏழு இலக்கத்தைப் பார்த்தால் போதும். 425 இல்லையென்றால் அது அந்த ஆலைச் சரக்கே இல்லை. பத்து விநாடி வேலை.

இதற்கு நேர் எதிர் 2024இன் வால்நட் ரீகால். ஈ.கோலை ஓ157:எச்7 என்ற வகை, சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் பத்துப் பேருக்கு மேல் நோயுற்றார்கள். அந்த வால்நட் விற்றது பெரும்பாலும் இயற்கை உணவுக் கடைகளின் தொட்டிகளில். அதனால் வாங்கியவர்களுக்கு எண்ணைக் காட்டிப் பயனில்லை, கடைகளின் பட்டியலைத்தான் கொடுக்க முடிந்தது. உங்கள் கடை பட்டியலில் இருந்தால், எந்தச் சரக்கு என்று தெரியாவிட்டால், கேளுங்கள் அல்லது தூக்கிப் போடுங்கள். என் முந்திரிக் கதைதான்.

தொட்டியின் இயல்பே அப்படி. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே புது மூட்டையை மேலே கொட்டுவார்கள். ஒரு கரண்டியில் மூன்று லாட் வரலாம். பக்கத்துத் தொட்டிக் கரண்டி இங்கே வருவதும் நடக்கும். ஒவ்வொரு முறையும் தொட்டியைக் காலி செய்து கழுவி, மூட்டையின் சீட்டையும் எடுத்து வைக்கும் கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கடை வாய்த்தவர்களிடம் எனக்கு வாதம் கிடையாது.

எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தக் கிருமிகளுக்கு அவசரமே இல்லை. உலர்ந்த பருப்பில் ஈரம் போதாததால் சால்மொனெல்லா பெருகாது, ஆனால் சட்டென்று சாகவும் செய்யாது. மாதக்கணக்கில் கிடக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் அப்படியே இருக்கும். ஊறவைத்து அறை வெப்பத்தில் விட்டால் ஈரம் கிடைத்துப் பெருகவும் தொடங்கும். நோயாளிகளின் மாதிரிகளை ஒப்பிட்டு, எல்லோரும் எதைத் தின்றார்கள் என்று விசாரித்து, ஆலைவரை போய்ச் சேர வாரங்கள் ஆகும். அறிவிப்பு வரும்போது சரக்கு உங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அப்போது நினைவை நம்புவதா, எண்ணை நம்புவதா?

வறுத்ததை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பார்கள். ஓரளவு சரி. 2001, 2004 ஆண்டுகளில் பாதாமால் பரவிய சால்மொனெல்லாவுக்குப் பிறகு, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் கலிஃபோர்னியா பாதாமுக்குப் பாஸ்டரைசேஷன் என்ற கிருமி குறைக்கும் பதப்படுத்தல் கட்டாயம். பத்தாயிரம் கிருமியில் ஒன்றுதான் மிஞ்சலாம் என்பது அதன் கணக்கு. ஆனால் 2009இல் வறுத்த பிஸ்தாவே ரீகாலுக்கு ஆளானது. வறுத்ததும் வறுக்காததும் ஆலையில் கலந்திருக்கலாம் என்றுதான் அப்போது சந்தேகப்பட்டார்கள். வீட்டில் வாணலியில் புரட்டி எடுப்பதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கொழுப்பும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் சால்மொனெல்லா சூட்டை நன்றாகவே தாங்கும், மணம் வந்ததாலேயே கிருமி போய்விட்டது என்று ஆகாது. ஓட்டோடு வாங்கினால் பத்திரம் என்றும் நினைத்திருந்தேன். 2011இல் ஓட்டோடு விற்ற ஹேசல்நட்டிலேயே ஈ.கோலை வந்தது என்று படித்தபின் அந்த நினைப்பும் போயிற்று.

பாக்கெட்டிலும் ஒரு ஓட்டை உண்டு. பெரிய மூட்டையை வாங்கிச் சின்னச் சின்னதாக அடைத்து, தன் பெயர் ஒட்டி விற்பவர்கள் பலர். மூல ஆலை ரீகால் செய்தால், இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். முதல் பட்டியலில் உங்கள் பாக்கெட் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து மூன்றாவதில் இருக்கலாம். 2009இன் நிலக்கடலை விவகாரத்தில் இப்படி நீண்டு நீண்டு 3,900க்கும் மேற்பட்ட பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடி அடைக்கும் சிறு நிறுவனங்களின் சரக்கை நான் அதிகம் வாங்கியதில்லை, அதனால் அவர்களின் எண்கள் எவ்வளவு நம்பகமானவை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆலையே அடைத்த பாக்கெட் கிடைத்தால் அதையே எடுக்கிறேன்.

பாக்கெட்டுக்கு மாறிய முதல் மாதம் நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டை வெட்டி, வழக்கம்போல டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் போட்டேன். அடியில் பழைய பாதாம் நாலு கிடந்தது, அதன் மேலேயே. கடைத் தொட்டியைக் குறை சொன்ன ஆள், சமையலறையிலேயே ஒரு தொட்டி வைத்திருக்கிறேன் என்று புரிய இரண்டு நாள் ஆனது.

இப்போது லாட் எண்ணும் தேதியும் இருக்கும் பகுதியைக் கத்தரித்து டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். டப்பா காலியான பிறகுதான், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்து, அடுத்ததைக் கொட்டுவது. லூசை முழுக்க விட்டுவிடவும் இல்லை. அரைத்து நீரோடு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிடப் போகும் முந்திரியை இன்னமும் தொட்டியில்தான் அள்ளுகிறேன். அதற்குத் தனி டப்பா, மூடியில் வாங்கிய தேதி.