ஷார்ஜாவில் இருக்கும் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

என் தம்பிக்கு ஷார்ஜாவில் வேலை, வருடத்துக்கு 30 நாள் லீவு. மனைவியைப் பிரிந்து 2 வருடமாகிறது. 7 வயது மகள் பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறாள். பிள்ளை யாரிடம், எப்படி என்று எங்கள் வீட்டில் பேசாத நாளில்லை.

வக்கீல் முதலில் சொன்னது, ஞாயிறுதோறும் 2 மணி நேரம் பார்க்கலாம் என்பது. உள்ளூர் அப்பாவுக்கு அது சரி. வருடத்தில் 4 ஞாயிறு மட்டும் ஊரில் இருப்பவனுக்கு மொத்தமே 8 மணி நேரம்தான், அதிலும் பாதி நேரம் பிள்ளை கூச்சத்திலேயே இருப்பாள்.

அடுத்தது, தம்பி பெயரில் பொறுப்பை வாங்கி எங்கள் அம்மாவிடம் வளர்ப்பது. 1956ஆம் வருட இந்து சிறார், காப்பாளர் சட்டப்படி 5 வயது முடியும்வரைதான் பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும், இனி நமக்குத்தான் என்றார் ஒரு சொந்தக்காரர். அது தப்பு. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. தலை பின்னிவிடவும் காய்ச்சலுக்குக் கண்விழிக்கவும் பெற்ற அம்மா பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது, அப்பாவும் இல்லாத வீட்டில் ஆச்சியிடம் கொண்டுவந்து விடுவது யாருக்காக? என் அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் அவரிடமே சொல்லிவிட்டேன். விடுதி என்ற பேச்சை அன்றே விட்டுவிட்டோம்.

நான் சொல்வது மூன்றாவது வழி: பிள்ளை அம்மாவிடம், தினமும் வீடியோ கால், லீவு முழுக்க அப்பாவோடு. 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றமே, விசேஷக் காரணம் இல்லாவிட்டால், பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோருக்குத் தினம் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை உண்டு என்றது. ஆனால் சின்ன விஷயங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். நமக்கு ராத்திரி 8 மணி என்றால் அங்கே ஆறரை, அவன் ஷிப்ட் முடிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் கால் பேசுவதை அங்கே தடுத்து வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் போட்டிம் (BOTIM) என்ற ஆப் வேண்டும். லீவுக்கு 'மே மாதம்' என்று எழுதினால் கம்பெனி தேதியை மாற்றியதும் எல்லாம் போச்சு. 'லீவு எப்போது கிடைத்தாலும், 15 நாள் முன்பே சொல்லிவிட்டு' என்று எழுத வேண்டும். பள்ளி நாளாக இருந்தால் எங்கள் வீட்டிலிருந்தே அதே பள்ளிக்குப் போகட்டும்.

பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் பிள்ளையின் அம்மாவுக்கு இருந்தது, அது நியாயமான பயம்தான். பிள்ளையின் பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்தான். அப்புறம்தான் 30 நாளுக்கும் சம்மதித்தாள்.