பாமினி ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்றி மூன்று வருடம்

போன வாரம் திருவாரூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: "பாமினில அடிச்ச ஸ்லைடெல்லாம் அப்படியே கிடக்கு சார். நீங்க மாத்துனீங்களே, எப்படி இருக்கு?" பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு; யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உண்டு. போனில் சொன்னது போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டெல்டா விவசாயிகளுக்கு நெல் ரகங்கள் பற்றி வகுப்பு எடுக்கிறேன். குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்கு ஒரு கோப்பு. என்னைப் படாதபாடு படுத்தியது ஏடிடி 36 (ADT 36) என்ற நெல் ரகத்தின் பெயர்தான். ஏடிடி என்பதை மட்டும் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தேன். ஸ்லைடிலிருந்து நகலெடுத்து, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் ஒட்டினால் எழுத்துரு விவரம் போய்விடும். அது எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று பெரிய எழுத்துக்கும் பாமினியில் யு, னு, வு. ஆக, "யுனுவு 36". நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஆடுதுறையின் பெயரைத் தாங்கிய ரகம் அது! வகுப்பில் ஒரு பெரியவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் அண்ணன் மகன் ஒரு மேக்ரோ (கோப்புக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதிக் கொடுத்தான். பாமினி எழுத்துருவில் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றும். ஏடிடி பிழைத்தது, கொம்பு மாட்டிக்கொண்டது. பாமினியில் "நெல்" அடிக்க முதலில் கொம்பு, பிறகு ந. யூனிகோடில் ந முதலில். எப்போதோ திருத்தியபோது கொம்பு ஒரு துண்டிலும் ந அடுத்த துண்டிலும் பிரிந்திருந்தால், மாற்றியபின் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். தேடித் தேடித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலில் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பற்றிக் கேட்டார்கள். வரப்பில் நின்றபடி போனில் கோப்பைத் திறந்து "புகையான்" என்று தேடினேன். நேராக அந்த ஸ்லைடுக்கே போய் நின்றது. பாமினியில் இருந்தவரை அதே கோப்பு போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

சரி, நீங்கள் மாற்றலாமா? நேற்று ராத்திரிகூட தாளடிக் கோப்பில் மூன்று இடத்தில் கொம்பை எடுத்து ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். வேண்டாம். இருபது முப்பது ஸ்லைடுதான் என்றால் தமிழ்99 விசைப்பலகையில் புதிதாகவே அடித்துவிடுங்கள். பாமினி உள்ள கணினியில் பழைய கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ரகப் பெயர்களை அதைப் பார்த்தே அடியுங்கள்.