மொட்டை மாடியா, மெரினாவா?

அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையில் மாலையைக் கழிக்க எங்களுக்கு இரண்டே இடங்கள். மெரினாவில் கடற்காற்று உண்டு. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் அது கரை நோக்கி வீசுகிறது. தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலும் உண்டு. ஆனால் அலையில் இறங்குவது ஆபத்து. குழந்தைகளின் கையை விடவே முடியாது.

மொட்டை மாடியோ, பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும். ஆறு மணிக்கு நான்கு வாளித் தண்ணீர் ஊற்றினால் தரை உஸ்ஸென்று உறிஞ்சும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். எட்டு மணிக்குப் பாய் விரித்தால், பாட்டி கையில் உருட்டிப் போடும் தயிர்சாதம், கடித்துக்கொள்ள மாவடு. காலையில் காயவைத்த வடகத்தின் சீரக வாசனை இன்னும் அங்கேயே இருக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் கடற்கரைக்குப் போவோம். மற்ற நாளெல்லாம் என் ஓட்டு மாடிக்கே.