தாந்தாமலைக்கு ஆட்டோ ஹயர்: ஐந்துக்கு நாலு

மட்டக்களப்பு மாவட்டத்துத் தாந்தாமலை முருகன் கோயிலுக்குப் போக, முதலில் டவுனில் ஒரு வானுக்குத்தான் (வேன்) சொல்லிவைத்தேன். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து, "றோட்டு சரியில்லை, இன்னும் நாலாயிரம் தாங்க" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டேன். விடிய பஸ் ஏறிக் கொக்கட்டிச்சோலையில் இறங்கி, தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கோயிலடியில் நின்ற ஒரு ஆட்டோ அண்ணனைப் பிடித்தோம். போக, வர, அங்கே காத்து நிற்க எல்லாமாக 6,000 ரூபாய்.

பேரம் எல்லாம் பேசவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: "நாலு மணிக்கு மலையடியிலிருந்து வெளிக்கிட வேணும். ஓமெண்டால் ஏறுங்க." பின்னேரத்தில் றோட்டுப் பக்கம் வரும் ஆனைக்காகத்தான். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முந்தி இந்தப் பயணம் இவ்வளவு லேசில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் மட்டக்களப்பு வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும் (பாதை என்றால் எங்களுக்கு றோட்டில்லை, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற மிதவை). இப்போது பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வட்டை (வயல்வெளி), மறுகா (பிறகு) காடு, அப்புறம் திடீரென்று பாறை.

மலை என்றதும் நுவரெலியாக் குளிரை நினைத்து மச்சாள் ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தா. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற முருகன் கோயிலும், அதைச் சுற்றிய மொட்டைப் பாறைகளும்தான் இங்கே மலை. "முதலில் ஏறிட்டு வாங்க, பூசையைப் பிறகு பார்க்கலாம்" என்று அண்ணன் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வெறுங்காலோடு ஏறினால் பாறை தோசைக்கல். உச்சியில் நின்று காட்டையும் வயலையும் பார்த்தபோது உள்ளங்கால் எரிவு மறந்துபோனது என்று எழுத ஆசைதான், மறக்கவில்லை. இறங்கி வந்தால் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு கொண்டுபோயிருந்தது.

ஆடித் திருவிழாவுக்குப் போனால் சனமும் கச்சான் (நிலக்கடலை) கடையுமாக இருக்கும். மற்ற நாளில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கிடைத்தாலே பெரிய விசயம், சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது பின்சீட்டுக்கு. ஸ்பிரிங் ஒன்று வெளியே எட்டிப்பார்க்கிறது, பள்ளத்துக்குப் பள்ளம் அது நம்மை விசாரிக்கும். பாட்டுச் சத்தமும் அதிகம், சொன்னதும் குறைத்தார்.

மூன்று ஐம்பதுக்கே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். இன்னும் வெயில் கிடக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினோம். கொஞ்சத் தூரத்தில் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவை ஓரங்கட்டி, பாட்டை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினார். வட்டைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆனை, ஒன்று குட்டி. அவை காட்டுக்குள் கிறுகிப் போகும்வரை இருபது நிமிடம் மூச்சு விடாமல் இருந்தோம். அந்த நேரத்துக்கு மேலதிகமாக ஒரு சல்லியும் கேட்கவில்லை.

பெயரை இங்கே போட வேண்டாம் என்றார். கோயிலடியில் பின்சீட்டு கிழிந்த பச்சை ஆட்டோ எது என்று கேளுங்கள், காட்டுவார்கள்.