சைலேஜ் கல்ச்சர் பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல ஆறு கறவை மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துறேன். போன தை மாசம் 10 டன் கோ-5 தீவனப் புல்லை சைலேஜ் (பச்சைப் புல்லைக் காத்துப் போகாம மூடிப் புளிக்க வச்சுச் சேமிக்கிற தீவனம்) போட்டு, மொத்தத்தையும் குப்பைக்குழிக்குத் தள்ள வேண்டியதாயிடுச்சு.

மழைக்கு அப்புறம் புல் நல்லா நின்னுச்சு. குழியில ஊறப்போட்டு வச்சா கோடையில தீவனத் தட்டு விலைக்கு வாங்க வேண்டாம்னு நினைச்சேன். அப்பதான் பைக்ல ஒரு தம்பி வந்தாரு. வெள்ளி நிறப் பாக்கெட்ல கல்ச்சர் பவுடர், அதாவது புல்லைப் புளிக்க வைக்கிற கிருமித் தூள். மேல மாட்டுப் படம், 100 கிராம். "ஒரு பாக்கெட் 5 டன்னுக்கு வருங்கண்ணா. வெல்லம் வேண்டாம், உப்பு வேண்டாம், புல்லை வாட விடவும் வேண்டாம். வெட்டின ஈரத்தோட கொட்டித் தெளிங்க, 21 நாள்ல எடுத்துப் போடுங்க, பால்ல பேட் (கொழுப்பு) ஏறும்"னாரு. ஒண்ணு 1,300 ரூபா. மூணு வாங்கினேன். பில் வாட்ஸ்அப்ல வரும்னாரு. இன்னிக்கு வரைக்கும் வரலை.

நறுக்கி, ரெண்டு பாக்கெட் கரைச்சுத் தெளிச்சு, டிராக்டர் ஏத்தி அமுக்கி, தார்பாய் போட்டு மண்ணு தள்ளி மூடினோம். 21-ம் நாள் ஓரத்துல திறந்தேன். நல்ல சைலேஜ் புளிச்ச பழம் மாதிரி மணக்கும். இதுல கெட்டுப்போன வெண்ணெய் வாடை, தொட்டா பிசுபிசுப்பு. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவியும் கையை விட்டுப் போகலை. போன் பண்ணினா, "45 நாள் விடுங்கண்ணா"ன்னாரு. விட்டேன். அப்பவும் அதே வாடை. மூணு நாள் கொஞ்சமா வச்சுப் பாத்தேன். ரெண்டு மாடு வாயே வைக்கலை, ஒண்ணு கழிய ஆரம்பிச்சுது, 52 லிட்டர் பால் 41-க்கு இறங்கிடுச்சு.

மாட்டு டாக்டர் வந்து, புளிப்பை அளக்குற பிஎச் பேப்பர் வச்சாரு. 5.6. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; அது 4.2-க்குக் கீழ வந்திருக்கணும். "சினை மாட்டுக்கு ஒரு பிடி கூடப் போடாதீங்க, சரியாப் புளிக்காததுல லிஸ்டீரியா கிருமி இருந்தா கன்னு வீசிடும் (சினை கலைஞ்சிடும்)"னாரு. நம்ம லட்சுமி அப்ப ஆறு மாசச் சினை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கோ-5 புல்லை 45 நாள்ல வெட்டினா கிட்டத்தட்ட 80 சதம் தண்ணிதான். சர்க்கரையும் கம்மி. லாக்டிக் அமிலக் கிருமி சர்க்கரையைத் தின்னுதான் புளிப்பு ஏத்துது. புளிப்பு சீக்கிரம் ஏறலைன்னா, அந்த ஈரத்துல பியூட்டிரிக் அமிலம் உண்டாக்குற கிருமி முந்திக்கும். அந்த வெண்ணெய் வாடை அதனாலதான். அரை நாள் வெயில்ல வாட்டி, டன்னுக்கு 20 கிலோ வெல்லம், 10 கிலோ உப்பு போட்டிருக்கணும். நறுக்கின புல்லை உள்ளங்கையில இறுக்கிப் பிழிஞ்சா விரலிடுக்குல தண்ணி சொட்டக் கூடாது. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். வேலை மிச்சம்னு விட்டுட்டேன். பணம் போனதை விட அதுதான் மனசை அறுக்குது.

கல்ச்சரே பொய்னு நான் சொல்லலை. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்ங்கிற கிருமி இருந்தா வேகமாப் புளிக்கும். பூச்னெரின்னு ஒரு வகை, குழி திறந்த பிறகு சூடேறிப் பூஞ்சை பிடிக்கறதைக் குறைக்கும். ஆனா பாக்கெட்ல கிருமி பேரும் எண்ணிக்கையும் தேதியும் அச்சுல இருக்கணும். பொதுவா 1 கிராம் புல்லுக்கு 1 லட்சம் உயிர்க்கிருமி கணக்கு. 100 கிராம் பவுடர் 5 டன்னுக்குப் போதும்னா, பவுடர்ல கிராமுக்கு 500 கோடி இருக்கணும். என் பாக்கெட்ல பேரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. தேதி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. சுரண்டிப் பாத்தா அடியில ரெண்டு வருசத்துக்கு முந்தின தேதி. இருந்த ஒண்ணு ரெண்டு கிருமியும் அவர் பைக் பெட்டி வெயில்லயே செத்திருக்கும்.

மிச்சமிருந்த மூணாவது பாக்கெட்டை வச்சு ஒரு சோதனை பண்ணினேன். மூணு மூடி டப்பா. ஒண்ணுல வெறும் புல், ஒண்ணுல அதே ஈரப் புல்லோட பவுடர், ஒண்ணுல வாட்டின புல்லோட வெல்லம். காத்துப் போகாம அமுக்கி மூடி, 25 நாள் கழிச்சுத் திறந்தேன். முதல் ரெண்டுக்கும் வாடையில வித்தியாசமே இல்லை. வெல்லம் போட்டது மட்டும் புளிச்ச மணம், பேப்பர்ல 4. லட்சுமி தவிர எல்லா மாடும் அதைத் தேடித் தின்னுச்சு.

அந்தத் தம்பி நம்பர் இப்ப ஸ்விட்ச் ஆஃப். பில் இல்லாததால புகார் குடுக்கவும் கையில ஒண்ணுமில்லை. போன வாரம் பக்கத்து ஊர்ல அதே வெள்ளிப் பாக்கெட் வித்திருக்காங்க. வாங்கி வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு குழியில தெளிக்காதீங்க, முதல்ல ரெண்டு டப்பா போட்டுப் பாத்துடுங்க.