டர்பன் வெயில்ல ஒரு ஹோம்ப்ரூ கிட்: பக்கெட் ஓகே, கூட வந்த பேப்பர நம்பாதீங்க

வீட்லயே பீர் பண்ற கிட் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, நாலு பேட்ச் முடிச்சாச்சு, அதனால இப்ப எழுதலாம்னு தோணுச்சு. வாங்குன அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுறவங்கள நம்பி வாங்குனவன் நான், பீர் பாட்டிலுக்குள்ள போறதுக்கே ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள என்னத்த ருசிச்சுட்டு ஸ்டார் போட்டாங்கன்னு தெரியல. கடை பேர் போடல, ஆளு நல்ல மனுஷன், கொற எல்லாம் சரி பண்ணக்கூடிய கொறதான்.

நாங்க இருக்கிறது தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வொர்த்ல, ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அவுட்பில்டிங்ல வாடகைக்கு. தகரக் கூரை. டிசம்பர்தான் இங்க வெயில் காலம், மத்தியானம் உள்ள 31 டிகிரி காட்டும், ராத்திரி கூட 26க்கு கீழ எறங்காது. இட்லி மாவு அரைச்சு வச்சா நாலு மணி நேரத்துல பாத்திரத்த விட்டு வெளிய வந்து நிக்கும், என் வைஃப் ராத்திரி மாவு ஆட்டுறதையே விட்டுட்டா. இத ஏன் சொல்றேன்னா, கிட்டோட வந்த பேப்பர்ல "அறை வெப்பத்துல, 20 டிகிரில வைக்கவும்"னு போட்டிருக்கு. யாரு வீட்டு அறைன்னு தெரியல.

1,450 ரேண்ட், கூரியர் தனி. 25 லிட்டர் பக்கெட், மூடி, புளிக்கிறப்ப வர்ற காத்த வெளிய மட்டும் விடுற ஏர்லாக், குழாய், சக்கர எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டுற ஹைட்ரோமீட்டர், பாட்டில் ரொப்புற டியூப், பாட்டிலுக்கு மூடி அடிக்க ரெண்டு கைப்பிடி வச்ச கேப்பர், நூறு மூடி, சானிடைசர், 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மொளகட்டுன பார்லிப் பாகு) டின் ஒண்ணு, ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சக்கர, ஒரு பாக்கெட் ஈஸ்ட். டின்லயே ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்குற பூ) சேர்த்திருக்கு, கொதிக்க வைக்கத் தேவையில்ல, சுடுதண்ணில கரைச்சு 20 லிட்டருக்கு பச்சத்தண்ணி ஊத்தி ஈஸ்ட் தூவினா வேல முடிஞ்சுது. சமைக்கத் தெரிஞ்சவனுக்கு இது ரசம் வைக்கிறதவிட ஈசி, கழுவுற வேலதான் பாதி நாள் இழுக்குது.

மொத பேட்ச். ஈஸ்ட் போட்டு ரெண்டு நாளாச்சு, ஏர்லாக்ல ஒரு குமிழி வரல. யூட்யூப்ல எல்லாருக்கும் டொக்கு டொக்குனு அடிக்குது, எனக்கு செத்த மாதிரி கெடக்கு. கொட்டிடலாம்னு பக்கெட்ட தூக்கிட்டேன். அப்பதான் வீட்டுக்கார அங்கிள் வந்து மூடிய முகர்ந்து பாத்துட்டு, "தம்பி, இது நல்லா புளிக்குதே"ன்னார். ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாத்தா 1.045ல ஆரம்பிச்சது 1.020க்கு எறங்கிருச்சு, ஈஸ்ட் சக்கரைய தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். மூடில ஏர்லாக் சொருகுற ரப்பர் வளையம் பாக்ஸ்லயே கிழிஞ்சு வந்திருக்கு, காத்து அந்த வழியா போயிட்டு இருந்திருக்கு, அவ்ளோதான். குமிழிய பாக்காதீங்க, ஹைட்ரோமீட்டர மட்டும் பாருங்க. அதுவும் 20 டிகிரிக்கு கணக்குப் பண்ணுன சாமான், நம்ம 30 டிகிரி தண்ணில ரெண்டு மூணு பாயிண்ட் (0.002, 0.003) கம்மியா காட்டும், பேப்பர்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல.

கடைக்கு வாட்ஸாப் பண்ணேன், நாலே நாள்ல புது வளையம் ஃப்ரீயா வந்துச்சு, அதுக்கு முழு மார்க். ஆனா குழாய் ஒழுகுதுன்னு சொன்னதுக்கு "இன்னும் டைட் பண்ணுங்க"ன்னாங்க. பண்ணேன். காலைல எந்திரிச்சா பக்கெட் அடியிலேர்ந்து கதவு வரைக்கும் எறும்பு கார்த்திகை தீபம் ஏத்துன மாதிரி வரிசையா நிக்குது, வைஃப் மொகத்த பாக்க முடியல. கூட வந்த வாஷர் கல்லு மாதிரி இருந்துச்சு, ஹார்ட்வேர் கடைல சிலிக்கான் வாஷர் ஒண்ணு வாங்கி மாட்டினேன், பிரச்சன முடிஞ்சுது. வாங்குறவங்க மொதல்ல பச்சத்தண்ணி ரொப்பி ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க.

அந்த பேட்ச் 1.010ல நின்னுச்சு, கணக்குக்கு 4.6 சதவீதம் ஆல்கஹால் வருது. குடிச்சா நெயில் பாலிஷ் வாசன, தொண்டைல ஒரு எரிச்சல், மறுநாள் தலவலி. கூடுதல் சூட்டுல சாதாரண ஏல் ஈஸ்ட் வேகமா வேல செஞ்சா இப்படித்தான், ஃப்யூசல் ஆல்கஹால்னு கனமான ஆல்கஹால் கூடிப்போகும்னு சொல்றாங்க. தப்பு மால்ட் டின் மேல இல்ல, எங்க கூரை மேல.

ரெண்டாவது பேட்ச் ஜனவரில. ஜோகன்னஸ்பர்க்ல இருக்கிற ஃப்ரெண்டு, "ஈரத்துண்ட சுத்தி ஃபேன் போடுடா, அஞ்சு டிகிரி எறங்கும்"னான். அவனுக்கு எறங்கும், அந்த ஊரு காஞ்ச காத்து. டர்பன்ல கொடில போட்ட சட்டையே காய மாட்டேங்குது, துண்டுல இருக்கிற தண்ணி எங்க ஆவியாகப் போவுது? ஃபேன் ஓடுனதுக்கு கரண்ட் பில்லு ஏறுனதுதான் மிச்சம். அப்பறம் பக்கெட்ட பெரிய டப்புல எறக்கி, தண்ணி ஊத்தி, ரெண்டு லிட்டர் கோக் பாட்டில்ல ஐஸ் கட்டி காலைல ரெண்டு சாயங்காலம் ரெண்டு மாத்தினேன். 22ல நின்னுச்சு. பீர் நல்லாவே வந்துச்சு, ஆனா பத்து நாளு ஃப்ரீசர்ல மீன் வைக்க எடம் இல்ல.

மூணாவதுதான் மேட்டர். கடைக்காரர்கிட்ட போன்ல பொலம்பினப்ப அவரே சொன்னார், "வாஸ் க்வைக் போட்டுப் பாருங்க"ன்னு. நார்வேல பண்ணைக்காரங்க தலமொற தலமொறயா காப்பாத்தி வச்ச ஈஸ்ட், மரத்துல செஞ்ச வளையத்துல ஒட்டிக் காய வச்சு அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பாங்களாம். நம்ம வீட்ல தயிருக்கு உறைமோர் எடுத்து வைக்கிற கததான். குளிர் நாட்டு சாமான்தான், ஆனா 35லேர்ந்து 40 டிகிரி அதுக்குப் புடிச்ச சூடு. ஐஸ் இல்ல, டப்பு இல்ல, ஃபேன் இல்ல. பக்கெட்ட கூரைக்கு கீழ வச்சுட்டு மறந்துட்டேன், நாலாவது நாளு 1.010. எரிச்சல் இல்ல, ஆரஞ்சுத்தோல் வாசன மாதிரி ஒண்ணு மட்டும் லேசா வருது. 2023 மாதிரி லோட் ஷெடிங் திரும்ப வந்தாலும் இதுக்கு கவல இல்ல, ஃப்ரிட்ஜ நம்பி இது இல்ல பாருங்க. ஒரு பாக்கெட் ஈஸ்ட்தான் வித்தியாசம். இத டர்பனுக்கு அனுப்புற பாக்ஸ்ல மொதல்லயே போட்டா என்னவாம்? கேட்டேன், "கிட் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்"னார்.

நாலாவதுல கொஞ்சம் திமிரு வந்து ஹாப்ஸ் தனியா வாங்கி கடைசில போட்டேன். சதர்ன் பேஷன், வெஸ்டர்ன் கேப்ல ஜார்ஜ் பக்கம் வெளையறது, பேருக்கேத்த மாதிரி பேஷன் ஃப்ரூட்டும் கொய்யாவும் கலந்த வாசன. அந்த க்வைக் ஆரஞ்சோட சேந்து, சும்மா சொல்லக்கூடாது, இதுக்கு முன்னாடி கடைல வாங்குற லாகர் பீர் வெறும் தண்ணி மாதிரி ஆயிருச்சு.

பாட்டில் விஷயம். 340 மில்லி டம்பின்னு சொல்ற குட்டி பாட்டில சேத்து வைக்காதீங்க, திருகித் தொறக்கிற வாய்ல இந்த கேப்பர் சரியா உக்காரல, எனக்கு ஆறு பாட்டில்ல கேஸ் நிக்காம போச்சு. ஓப்பனர் வச்சு தொறக்கிற 750 மில்லி க்வார்ட் பாட்டில்தான் சரி, 20 லிட்டருக்கு 26 வேணும். பாட்டில்ல கேஸ் ஏற போடுற சக்கரைய மொத்தமா 130 கிராம் எடை போட்டு கரைச்சு ஊத்துங்க. பேப்பர்ல "பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்"னு இருக்கு, எந்த ஸ்பூன்? எங்க வீட்ல மூணு சைஸ் இருக்கு. கூடிப்போனா பாட்டில் வெடிக்கும், வெளையாட்டு இல்ல.

அங்கிள் இந்த கிட்ட பாத்து சிரிச்சுட்டே இருந்தார். 2020 மார்ச் 27ல லாக்டவுன்னு மதுக்கடைய மூடுனப்ப இந்தத் தெருவே அன்னாசிப்பழம், சக்கர, ரொட்டி ஈஸ்ட்னு வாளில பண்ணுச்சாம், அன்னாசி வெல ஏறிப்போச்சாம். அவரு சின்ன வயசுல டர்பன்லயே கேட்டோ மேனர்ங்கிற பகுதில இருந்தவரு, நிறவெறி ஆட்சில அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள கெளப்பித்தான் சாட்ஸ்வொர்த்ல கொண்டாந்து விட்டாங்க. அங்க ஸூலு பொம்பளைங்க வீட்ல சோள மால்ட்ல காய்ச்சுனத போலீஸ் வந்து கொட்டும், ஏன்னா சோள பீர் விக்கிற உரிமைய 1909லேர்ந்து டர்பன் கார்ப்பரேஷனே வச்சிருந்துச்சு. 1959 ஜூன்ல பொம்பளைங்க கார்ப்பரேஷன் பீர் ஹாலுக்குள்ள பூந்து எல்லாத்தையும் கவுத்துட்டாங்க. "இப்ப நீ 1,450 குடுத்து வாங்குற, தம்பி"ன்னார். ஆன்ட்டி ஆடி மாசம் மாரியம்மனுக்கு ஊத்துற கூழ மொத நாளே கரைச்சு புளிக்க வைப்பாங்க, அந்த ஸூலு வீட்டு சோள பீர், உம்கொம்போத்தி, அதோட செய்முறைய கேட்டா பாதி அதேதான், சோள மால்ட் பாக்கெட் சூப்பர்மார்க்கெட்ல சல்லிசு. அது அடுத்த ப்ராஜெக்ட், இந்த பக்கெட்லயே.

ரேட்டிங் கேட்டா: பக்கெட், கேப்பர், ஹைட்ரோமீட்டருக்கு நாலு. வாஷருக்கு ஒண்ணு. ஆள் பேசுற விதத்துக்கு அஞ்சு. பேப்பருக்கு ஒண்ணும் இல்ல. கேப் டவுன்காரங்க அப்படியே வாங்கலாம், நம்ம ஊர்க்காரங்க க்வைக் பாக்கெட் ஒண்ணு சேத்து ஆர்டர் போடுங்க.

டின்னோட வர்ற ஏல் ஈஸ்ட் ரெண்டு பாக்கெட் மிச்சம் இருக்கு, தூக்கிப் போடல, ஃப்ரிட்ஜ்ல முட்டை தட்டுக்கு பின்னாடி வச்சிருக்கேன். ஜூலைல ராத்திரி இங்கயும் குளிரும், அப்ப எங்க அறையும் 20 டிகிரிக்கு வந்துரும்.