ஓப்பன்சர்ட்ஸ்: சிங்கப்பூர் அரசின் பிளாக்செயின் சான்றிதழ் சேவை எப்படி?

அரசுச் சேவையில் பிளாக்செயின் (பல கணினிகளில் ஒரே நேரத்தில் வைக்கப்படும், பின்னால் மாற்ற முடியாத பதிவேடு) என்றதும் அறிவிப்புகள்தான் அதிகம் கண்ணில் படும். கல்விச் சான்றிதழ்களை வழங்கவும் சரிபார்க்கவும் 2019 முதல் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிற ஓப்பன்சர்ட்ஸ் அப்படியல்ல. சிங்கப்பூர் அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், கல்வி அமைச்சு, திறன் மேம்பாட்டு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர், நீ ஆன் பாலிடெக்னிக் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது.

சரிபார்க்கக் கணக்கு தொடங்க வேண்டாம், கட்டணமும் இல்லை. மாணவர் அனுப்பிய ஓப்பன்சர்ட் கோப்பை ஓப்பன்சர்ட்ஸ் தளத்தில் இழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கோப்பில் கை வைக்கப்பட்டிருக்கிறதா, சான்றிதழ் உண்மையில் வழங்கப்பட்டு இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா, வழங்கியது யார் என்ற மூன்றையும் தளம் பார்த்துச் சொல்லும். கல்லூரிக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை மிச்சம். சென்னையில் இருக்கும் எச்ஆருக்கும் இதே வழிதான்.

இதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சங்கிலியில், அதாவது பிளாக்செயினில், எதை ஏற்றவில்லை என்பது. பெயர், மதிப்பெண் எதுவும் அங்கே போகாது. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் நீளமான தற்செயல் எழுத்துக்கோவை ஒன்று ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் ஹாஷ், அதாவது தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, உருவாகிறது. அந்தக் கோவை இல்லாவிட்டால் 'ஏ', 'பி' என்று சில கிரேடுகளைப் போட்டுப் பார்த்தே ஹாஷுக்குப் பின்னால் இருக்கும் கிரேடைக் கண்டுபிடித்துவிடலாம். விவரங்களின் ஹாஷ்கள் சேர்ந்து சான்றிதழுக்கு ஒரு ஹாஷ் ஆகும். சான்றிதழ்களின் ஹாஷ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, கடைசியில் மொத்தத் தொகுப்புக்கும் ஒரே ஹாஷ் மிஞ்சும். அந்த 32 பைட் மட்டுமே எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினில் பதிவாகிறது. 1,000 சான்றிதழ் இருந்தாலும் ஒரே பரிவர்த்தனை, ஒரே கட்டணம். தான் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரமாக, ஒவ்வொரு கோப்பிலும் சுமார் 10 ஹாஷ்கள் கூடவே வரும். பிழையாக வழங்கிய ஒரு சான்றிதழை மட்டும் தனியாக ரத்து செய்யவும் முடியும்.

சிக்கல்கள் சங்கிலிக்கு வெளியேதான். ஸ்கிரீன்ஷாட்டையோ பிரிண்டையோ அனுப்பினால் இந்தச் சோதனைக்கு அது உதவாது; மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். சான்றிதழின் வார்ப்புரு இடம் கொடுத்தால், உரியவர் சில விவரங்களை மறைத்தும் அனுப்பலாம். அப்போதும் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் மறைத்த விவரத்தின் ஹாஷ் கோப்பிலேயே இருக்கிறது. தனியுரிமைக்கு நல்ல வசதிதான். ஆனால் பாடப் பட்டியல் முழுதாக இருக்கிறதா என்று வேலை கொடுப்பவர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பைக் கொண்டுவந்தவர்தான் அதில் பெயருள்ளவரா என்பதையும் தளம் சொல்லாது. அடையாள அட்டையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். சோதனையில் தேறியதைக் காட்டும் பச்சை நிறத்தைப் பார்த்ததும் நின்றுவிடாமல், மேலே காட்டும் நிறுவனப் பெயரையும் வாசியுங்கள். கோப்பைப் போடும் முன் தளத்தின் முகவரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், போலித் தளமும் பச்சை காட்டும்.

இதே முறையைக் கொண்டுவர நினைக்கும் அலுவலகங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, சான்றிதழ்களைப் பதிவு செய்யும் எத்தீரியக் கணக்கின் ரகசியச் சாவி (கடவுச்சொல் போன்றது) யார் கையில் இருக்கும் என்பதை. அது திருடு போனால் திருடியவரும் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே சான்றிதழ் வழங்கலாம், தளமும் அதைச் செல்லும் என்றே காட்டும்.